பாக்கத்தானே போறேன்

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, வடக்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். கையில் மந்தார இலையில் கட்டிய இட்லிப் பொட்டலம். அதில் இருந்தது சரிபாதி. மறுபாதி பம்பாய் ரயிலில் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு வேணாம்ணா. ரயிலு ராவும் பகலும் ஓடும். நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ மட்டும் இன்னா, காத்த குடிச்சிக்கினா நடப்ப?" என்றார் அவர்.

ஒற்றையாக மிஞ்சிய இட்லியை நகத்தால் நடுவில் கோடு போட்டுப் பிட்டார். எது பெரியது என்று பார்த்தார். பெரியதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துச் சின்னதோடு சேர்த்து வைத்தார். கார்டு விசில் ஊதிய பிறகும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். கடல் தாண்டிப் போகிற மனிதர். தப்பான விசாவில் போகிறவர். தப்பு என்று நான் தொண்டை கிழியச் சொல்லியும் போகிறவர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. பசியோடு பழகியவன் சோற்றை எறிய மாட்டான். பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் நடந்துகொண்டே தின்று முடித்தேன். அவர் கிள்ளி வைத்த துண்டையும் சேர்த்துத்தான்.

அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் சொல்வோம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்து, மீன் குறைந்த வருஷங்களில் கரையேறி, கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்தவர். எழுபதுகளின் நடுவில், முந்திரித் தோப்புகளை வெட்டித் தள்ளிவிட்டு அங்கே கம்பெனிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின்கள் லாரியில் வந்து இறங்கும். யானை கனம் இருக்கும் ஒவ்வொன்றும். கிரேன் எல்லாம் அங்கே எப்போதாவது தலைகாட்டும். மற்ற நாளில் வடமும் கப்பியும் செயின் பிளாக்கும் உருளைக் கட்டையும் மனிதத் தோளும்தான். இந்த வேலை செய்கிறவர்களுக்குக் கலாசி என்று பெயர். மேஸ்திரியிடம் எட்டுப் பேர் கொண்ட கலாசி கோஷ்டி இருந்தது. அநேகமாக எல்லோரும் அவர் குப்பத்து ஆட்கள். நான் ஒருவன்தான் வெளியாள்.

நான் எங்கும் நிலையாக நிற்காதவன். ஆறாம் வகுப்பு பாதியில் நின்றதும் கிளம்பினேன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டினேன். திருவாலங்காட்டில் கிணறு தூர் வாரினேன். நடுவில் ஒரு செங்கல் சூளையில் மாட்டிக்கொண்டேன். அங்கே ஆட்களை ராத்திரி கொட்டகைக்குள் வைத்துப் பூட்டுவார்கள். கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து எந்த வேலைக்குப் போனாலும் முதலில் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

மேஸ்திரியிடம் சேர்ந்த முதல் நாளே அவருடைய பைத்தியத்தைப் பார்த்துவிட்டேன். பைத்தியம் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் எதையும் தானாக ஒருவனுக்குக் கொடுக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் சீட்டு. தோளில் இருக்கும் துண்டைத் தரையில் விரிப்பார். ஆளுக்கொரு சாமான் அதில் போட வேண்டும். தேசப்பன் ஒரு பித்தளைப் பொத்தான் போடுவான். முனுசாமி பீடித் துண்டு. எனக்கு ஒரு துருப்பிடித்த நட்டு. மேஸ்திரி தன் பங்குக்கு மடியிலிருந்து ஒரு கிளிஞ்சல் எடுத்துப் போடுவார். பிறகு துண்டைச் சுருட்டி, வழியில் போகிற யாரையாவது, எது யாருடையது என்று தெரியாத ஒருவரை நிறுத்தி, "கண்ண மூடிக்கினு ஒண்ண எடு தாயீ" என்பார். முதலில் வருவது யாருடையதோ அவன் கூரை உத்திரத்தில் ஏறிக் கப்பி மாட்ட வேண்டும். கடைசியில் வருகிறவன் நிழலில் நின்று வடம் பிடிக்கலாம். மறுநாள் வரிசை ஒரு படி மாறும். அதற்கடுத்த நாள் இன்னொரு படி.

ஒருமுறை ஏறுகிற முறை அவருக்கே வந்தது. அன்று அவருக்குக் காய்ச்சல். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தது.

"நைனா, நான் ஏறிக்கினு போறேன். நீ குந்து" என்றான் தேசப்பன். எங்களில் உயரத்தில் காகம் மாதிரி நடக்கக்கூடியவன் அவன்.

"உன் முறை நாளைக்கு."

"ஒடம்பு நெருப்பா கொதிக்குதே!"

"ஒடம்பு கொதிச்சா முறை மாறுமா? அப்பறம் முறை இன்னாத்துக்கு?"

ஏறினார். மேலே உட்கார்ந்து கப்பி மாட்டும்போது உத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கீழே நின்ற கம்பெனி சூப்பர்வைசர் மேல் கொஞ்சம் விழுந்தது. அதற்கு ஒரு வாரம் சிரித்தோம்.

அந்த சூப்பர்வைசரே ஒருநாள் மேஸ்திரிக்கு ஒரு மடக்கு நாற்காலி கொடுத்தார். வயதானவர், உட்கார்ந்து வேலை வாங்கட்டும் என்று. மேஸ்திரி அதற்கும் முறை வைத்தார். ஆளுக்குக் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். எவனுக்கும் அதில் உட்காரக் கூச்சம். முனுசாமிக்கு மட்டும் பிரியம். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவான்.

"டேய், முறை முடிஞ்சிது, எழுந்திரு" என்று அவர் தட்டி எழுப்புவார்.

"இன்னா மேஸ்திரி, இப்பத்தான் குந்தினேன், அதுக்குள்ள பேஜாரு பண்ற!"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோஷ்டியில் ஒரு சண்டை கிடையாது, ஒரு கோள்மூட்டல் கிடையாது. நான் வேலை செய்த வேறெந்த இடத்திலும் அப்படி இருந்ததில்லை. அதனால்தான் என் குணத்துக்கு மாறாக இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே தங்கினேன்.

இந்தப் பழக்கம் ஏரியிலிருந்து வந்தது. ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடத்துக்குப் பாடு என்பார்கள். எந்தப் பாட்டில் எந்த வீட்டுக்காரன் வலை கட்டுவது என்று கோயிலில் கூடிச் சீட்டு எடுப்பார்கள். இன்று நல்ல இடம் விழுந்தவனுக்கு அடுத்த முறை மோசமான இடம் வரும். மோசமான இடத்தில் வெறும் வலை தூக்கியவனுக்கு நல்ல இடம் வரும். சுற்றிச் சுற்றி வருவதால் எந்த வீட்டிலும் உலை அணையாது. ஏரியில் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, மீதி நம் பக்கம். இவர்கள் படகில் போகும்போது அதைப் பார்ப்பதில்லை.

"தண்ணியில ஏதுடா கோடு?" என்பார் மேஸ்திரி.

அந்த வாக்கியத்தை அப்போது ரசித்தேன். இப்போது ரசிக்க முடியவில்லை.

துபாய் பேச்சு எங்கள் பக்கம் வந்தபோது யாருக்கும் ஒன்றும் தெரியாது. அரபு நாடுகள் எல்லாவற்றுக்கும் துபாய் என்றுதான் பெயர். குவைத் போனவனும் துபாய், சவுதி போனவனும் துபாய். கம்பெனியில் வேலை செய்த வெல்டர் ஒருவன் போய் ஒரு வருஷத்தில் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டினான். அதைப் பார்த்ததும் எங்கள் கோஷ்டிக்கும் ஆசை வந்தது. எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு இரண்டு பேரை அனுப்புவது, அவர்கள் சம்பாதித்து அடுத்த இருவரை அனுப்புவது என்று மேஸ்திரி முறை வைத்தார். சீட்டில் முதலில் வந்தவர்கள் தேசப்பனும் முனுசாமியும். எனக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. பாஸ்போர்ட்டுக்கு நிலையான விலாசம் வேண்டும். எனக்கு ஏது?

ஏஜெண்டின் ஆபீஸ் மண்ணடியில், ஒரு துணிக் கடைக்கு மேல் மாடி. சுவரில் விமானப் படம் போட்ட காலண்டர். மேஜைக்குப் பின்னால் வழுவழுவென்று சவரம் செய்த முகம். மேஸ்திரி, தேசப்பன், முனுசாமி மூவரோடும் நானும் போயிருந்தேன், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் என்பதால்.

"ரெண்டு விசா வந்திருக்கு. ரெண்டும் சவுதி" என்றான் அவன். "ஒண்ணு கம்பெனி விசா. ஒண்ணு ஹவுஸ் விசா. யாரு எதுல போறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்கு ரெண்டு பாஸ்போர்ட் வேணும், அவ்ளோதான்."

"ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?" என்றார் மேஸ்திரி.

"பெருசா ஒண்ணுமில்ல. கம்பெனி விசான்னா கேம்ப்ல நூறு பேரோட கெடக்கணும். ஹவுஸ் விசான்னா ஒரு முதலாளி வீட்ல ராஜா மாதிரி இருக்கலாம். வீட்டுச் சாப்பாடு. சொல்லப்போனா அதுதான் சொகுசு."

"ஊட்ல இன்னா வேலை?" என்றேன் நான்.

"தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தறது, ஆடு மாடு பாத்துக்கறது, அப்படி இப்படி இருக்கும்."

"புடிக்கலன்னா கெளம்பி வந்துடலாமா?"

அவன் மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தான். "யாரு இவன்? போறதுக்கு முன்னாடியே வர்றதப் பத்திக் கேக்கறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும்தான் உறைத்தது. பூட்டின கொட்டகையில் படுத்தவன் நான் ஒருவன்தானே அங்கே.

மேஸ்திரி தோளிலிருந்து துண்டை எடுத்தார். எனக்குப் பகீர் என்றது.

"ணா, இதுக்கு எதுக்குச் சீட்டு? தேசப்பன் கை வெச்சா எந்த மெஷினும் அசையும். முனுசாமி ஏணிய பாத்தாலே கண்ண மூடிக்குவான். கம்பெனி விசாவ தேசப்பனுக்குக் குடு. ஆட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கு முனுசாமி போட்டும்."

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல மேஸ்திரி" என்றான் முனுசாமியும். "ஆடு மேல ஏறத் தேவையில்ல பாரு."

"நல்ல பாடு கெட்டிக்காரனுக்கு, கெட்ட பாடு சோப்பளாங்கிக்குன்னு வெச்சிருந்தா எங்க குப்பத்துல பாதி ஊடு பட்டினில செத்திருக்கும்" என்றார் மேஸ்திரி. "எது விழுந்தாலும் ஒரு வருஷம். வருஷம் முடிஞ்சா மாத்திக்கட்டும். அவன் எடத்துக்கு இவன், இவன் எடத்துக்கு அவன். இன்னா சார், மாத்திக்கலாம்ல?"

"அங்க போய்ப் பேசிக்கலாம்" என்றான் ஏஜெண்ட்.

அவனுக்குத் தெரியும். விசாவில் போகிறவன் பெயர் ஏறும், முதலாளி பெயர் ஏறும், அந்த முதலாளி விட்டால்தான் வெளியே வர முடியும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஏரியில் பாடு மாறுவது போல விசா மாறாது என்று ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் மேஸ்திரி அந்தத் துண்டை மடித்துத் தோளில் போட்டிருப்பார். சுற்றி வராத ஒன்றுக்குச் சீட்டு எடுக்கிற ஆள் இல்லை அவர். அவன் சொல்லவில்லை. அதைவிட ஒன்று செய்தான். மேஸ்திரி அவன் மேஜை மேலேயே துண்டை விரித்து, பொத்தானையும் பீடித் துண்டையும் போட்டுச் சுருட்டி, "கம்பெனி விசாவுக்கு ஒண்ணு எடு சார்" என்றபோது, ஏதோ மோடி வித்தை பார்க்கிறவன் போலச் சிரித்துக்கொண்டு, மோதிரக் கையை உள்ளே விட்டு எடுத்தான். பீடித் துண்டு வந்தது. அருவருப்போடு அதை மேஜையில் போட்டுவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டான்.

பொத்தான் துண்டிலேயே இருந்தது. தேசப்பன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சர்தான், ஒரு வருஷம் தானே" என்றான்.

அவன் மனைவி கன்னியம்மாவிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் வயிற்றில் அப்போது பிள்ளை.

ஒரு வருஷத்துக்கு மேல் தேசப்பனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு முனுசாமி விடுமுறையில் வந்தான். கறுப்புக் கண்ணாடி, கையில் டேப் ரிக்கார்டர், எங்களுக்கெல்லாம் செண்ட் பாட்டில். கம்பெனி வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தேசப்பன் எங்கடா?" என்றார் மேஸ்திரி.

"கீறான். ஒரே ஒரு தபா பாத்தேன், ஒரு லாரிக்காரனோட போயி. பாலைவனம் மேஸ்திரி. ஒரு கூடாரம், ஆடு, ஒட்டகம், இவன். ஊடாவது ஒண்ணாவது, நாலு செவுரு கெடையாது. பேச ஆளு இல்ல. என்ன பாத்ததும் அவனுக்குப் பேச்சே வரல, வாய அசைக்கிறான், சத்தம் வரல. பாஸ்போர்ட்டு முதலாளி கைல. விட மாட்டேன்றான்."

"மாத்திக்கினு வரவேண்டியதுதானேடா? வருஷம் ஆச்சே!"

"கேக்காம இருப்பேனா? என் முறை முடிஞ்சிது, என் ஆளு ஒருத்தன் கீறான், அவன் இங்க வரட்டும், நான் ஆடு மேய்க்கப் போறேன்னு எங்க கேம்ப் பாஸ்கிட்ட போய் நின்னேன். அவன் ஆபீஸ்ல கீற அத்தினி பேரையும் கூப்ட்டு வெச்சி என்ன திரும்பச் சொல்லச் சொன்னான். மூணு தபா சொல்ல வெச்சிச் சிரிச்சானுங்க."

நான் முனுசாமியைப் பார்த்தேன். உத்திரம் ஏறப் பயந்தவன், நாற்காலியில் தூங்கியவன், சொகுசான இடத்தை விட்டுக்கொடுக்கப் போய் நின்றிருக்கிறான். அத்தனை பேர் சிரிக்க மூன்று முறை சொல்லியிருக்கிறான். அவன் செய்தது எந்தப் படித்தவனுக்கும் தோன்றாத முட்டாள்தனம். அந்த முட்டாள்தனத்துக்கு முன்னால் சிரித்தவர்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"தேசப்பன் எதுனா சொன்னானா?" என்றார் மேஸ்திரி.

"கெளம்பும்போதுதான் பேச்சு வந்துது. 'மேஸ்திரிகிட்ட சொல்லு, என் முறை முடிஞ்சிடுச்சின்னு சொல்லு' ன்னான்."

மேஸ்திரி டீயைக் குடிக்காமல் தரையில் ஊற்றிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை என்னிடம் வந்து, "மண்ணடிக்குப் போவணும், வர்றியா?" என்றார்.

ஆபீஸ் அதேதான். காலண்டர் புதுசு. அவனுக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. பீடித் துண்டைச் சொன்னதும் தெரிந்தது.

"சார், அந்த ஹவுஸ் விசால தேசப்பன் கீறான்ல, அவன் எடத்துக்கு நான் போறேன். அவன கூப்ட்டுக்கோ" என்றார் மேஸ்திரி.

"அது அப்படி ஆவாது மேஸ்திரி. அது அவன் பேருல அடிச்ச விசா."

"இத்த அன்னிக்கி ஏன்யா சொல்லல?" என்று நான் மேஜையைத் தட்டினேன். காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டு உருண்டு கீழே விழுந்தது. வெளியே நின்ற ஆள் வந்து என் கழுத்தில் கையை வைத்து மாடிப்படி வரை தள்ளிக்கொண்டு போனான். அவனை உதறிவிட்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

"வேலைக்குப் போறவனுக்குத்தான் ஆயிரம் கேள்வி மேஸ்திரி. சும்மா பாக்கப் போறவன ஒருத்தனும் கேக்க மாட்டான். விசிட் விசா இருக்கு. துபாய்க்கு. ஒரு மாசத்துல கையில தர்றேன். போயி இறங்குங்க, அங்கேந்து அவன் இருக்கற எடம் பக்கம்தான். எல்லாம் ஒரே மணல். நேருல அந்த முதலாளியப் பாத்துப் பேசுங்க. அவன அனுப்பிட்டு நீங்க இருந்துக்கோங்க."

மேஸ்திரி முகம் தெளிந்து வெளியே வந்தார். ரோட்டில் நின்று நான் கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ணா, அவன் கீறது சவுதி. இவன் குடுக்கறது துபாய். அது வேற நாடு. அதுல போனா வேலையும் செய்யக் கூடாது, அந்தாண்டயும் போவக் கூடாது. ஆள மாத்திக்கவே முடியாதுன்னு முனுசாமியே சொன்னானே!"

"முனுசாமி வேலைக்குப் போனவன்டா. நான் வேலைக்கா போறேன்? தேசப்பன பாக்கத்தானே போறேன். பாக்கறதுக்குன்னே ஒரு விசா கீது, அத்த குடுக்கறான். இதுல இன்னா தப்பு?"

"வேற நாடுணா!"

"நம்ம ஏரி கூடத்தான் பாதி ஆந்திரா. அந்தாண்ட போயி நாம்ப வலை இழுத்தது இல்லியா?"

அவர் பொய் சொல்லவில்லை. எத்தனையோ பேர் வேலைக்குப் போய்க்கொண்டே பார்க்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்த காலம் அது. பார்ப்பதற்காகவே போன மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். பேருக்கேற்ற விசா எது என்று நேர்மையாக யோசித்து அதை எடுத்தார். அந்த நேர்மையை வைத்தே அவரை ஏமாற்றினான் அந்தப் பாவி.

என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். துபாயில் இறங்கினார். கட்டட வேலை செய்கிற நம் ஆட்கள் சிலர் சோறு போட்டார்கள், போகாதே என்றார்கள். ஒரு தண்ணீர் லாரியில் எல்லை வரைக்கும் போனார். பிறகு நடந்தார். மணலிலும் கோடு இல்லை என்றுதான் அவர் கண்ணுக்குப் பட்டிருக்கும். பிடித்தார்கள். சில மாதம் உள்ளே வைத்திருந்து, விலங்கோடு விமானம் ஏற்றி பம்பாயில் கொண்டுவந்து இறக்கினார்கள். தேசப்பனை அவர் பார்க்கவே இல்லை. அந்த முதலாளி சலித்துப்போய் தேசப்பனைத் தானாக அனுப்பி வைத்தது அதற்கடுத்த மழைக்காலத்தில். அவன் பிள்ளை அவனைப் பார்த்துப் பயந்து அழுதது.

திரும்பி வந்த அன்று மேஸ்திரி தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கன்னியம்மா வீட்டு வாசலில் போய் நின்றாராம். இதை அவளே பின்னாளில் எனக்குச் சொன்னாள். "உள்ள வா மாமா, தண்ணி குடி" என்றாளாம். உள்ளே வராமல் நின்ற இடத்திலேயே, "என் முறை தப்பிப்போச்சும்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம்.

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. ஒரு இட்லியைக்கூடத் தனியாகத் தின்னாத மனுஷன், அத்தனை பேர் செய்த தப்பைத் தன் ஒருவன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கு மட்டும் ஏன் சீட்டு எடுக்கவில்லை? மண்ணடிக்காரனுக்கு ஒரு பங்கு இல்லையா? பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்த முதலாளிக்கு? வேட்டி கட்டிய கிழவன் ஒருவன் விசிட் விசாவில் தனியாக எங்கே போகிறான் என்று ஒரு வார்த்தை கேட்காமல் முத்திரை குத்திய கைகளுக்கு? அந்த ஏஜெண்ட் பிறகு ஆபீஸைப் பெரிய ரோட்டுக்கு மாற்றினான். பெயர்ப்பலகையில் விளக்கு எரிந்தது. நானே பார்த்தேன்.

மேஸ்திரி அப்புறமும் வேலைக்கு வந்தார். தேசப்பனும் வந்தான். நான் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது இருவரும் ஒரே வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். துண்டு மேஸ்திரியின் தோளில்தான் இருந்தது. உத்திரம் ஏற ஆள் வேண்டும் என்றபோது அவர் அதை விரிக்கவில்லை. தானே ஏறப் போனார். தேசப்பன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து பொத்தானை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். அவர் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. ஏறிவிட்டார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு, அவரை ரயில் ஏற்றிவிட்டு நடந்தபோது, இதில் எதுவும் எனக்குத் தெரியாது. தப்பு நடக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். திருவொற்றியூர் போகும்வரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். அவரை, அவர் துண்டை, ஏரியை, மண்ணடியை. எதிரே வந்த ஒரு பூக்காரி குடிகாரன் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கினாள். எண்ணூர் தாண்டி எங்கோ ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுத்து எழுந்து, விடிந்ததும் மீஞ்சூருக்கு வந்து சேர்ந்தேன். கும்மிடிப்பூண்டி இன்னும் தூரம். போனால் கன்னியம்மா வாசலில் நின்று, "மாமா நல்லபடியா ஏறிட்டாரா? அவர எப்ப கூட்டிக்கினு வருவாரு?" என்று கேட்பாள். முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? கால் அதற்கு மேல் போகவில்லை.

ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு அரிசி ஆலை. புழுங்கிய நெல் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. களத்தில் ஆவி பறக்க நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் குடை பிடித்து நின்றவரிடம் போய், "வேலை கீதா?" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "நெல்லு பரப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"வெயிலு தாங்குவியா?"

"தாங்குவேன். ஒண்ணு கேக்கணும்."

"இன்னா, கூலியா?"

"இல்ல. புடிக்கலன்னா கெளம்பிப் போலாமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாடா இவன், வந்து நிக்கும்போதே போறத கேக்கறான்!"

"அத்த மொதல்ல சொல்லு நைனா."

நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் சிரிப்பை நிறுத்தினார். ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். கேட் திறந்தே கிடந்தது. ஒரு கதவு சாய்ந்து மண்ணில் புதைந்திருந்தது. அதை இழுத்து மூடிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

"இன்னிக்கி மத்தியானமே வேணா போ. உன்ன எவன் கட்டிப்போட்டான்?"

அவ்வளவுதான் நான் கேட்க வேண்டியிருந்தது. சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, நெல் தள்ளும் பலகையை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன்.